ரெண்டு பெக் கணக்கு எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல

"அளவா குடிச்சா ஒன்னும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு? எடை சரியாக இருந்து, இடுப்பில் சதை போடாமல், சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் கட்டுக்குள் இருக்கிற ஒருவர் குடிக்கிற இரண்டு பெக்கும், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 32, தொப்பை, எல்லைக்கோட்டில் நிற்கிற சர்க்கரை என்று இருக்கிற இன்னொருவர் குடிக்கிற அதே இரண்டு பெக்கும் கல்லீரலுக்கு ஒன்றே அல்ல. இதை நாம் பேசுவதே இல்லை. எடை கூடியவர்களுக்கு ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்', அதாவது கொழுப்புக் கல்லீரல் என்று வந்தால் எண்ணெயைக் குறை, இனிப்பைக் குறை, நட என்று பேச்சு போகிறது, குடியைப் பற்றிக் கேட்டால் "அது கொஞ்சம்தான்" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. குடியால் கல்லீரல் கெட்டவரிடம் போய் உங்கள் இடுப்புச் சுற்றளவு என்ன என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்கும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தில் 9,559 ஆண்களை ஏறத்தாழ முப்பது வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் முடிவு 2010-ல் பி.எம்.ஜே. என்கிற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்தது. குடிக்காத, எடை கூடாத ஆண்கள் கல்லீரல் நோயால் இறக்கும் விகிதத்தை 1 என்று வைத்துக்கொண்டால், வாரம் 15 யூனிட்டோ அதற்கு மேலோ குடித்த, எடை கூடாத ஆண்களுக்கு அது 3.16. அதே அளவு குடித்த, கொஞ்சம் எடை கூடியவர்களுக்கு 7. பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியவர்களுக்கு 18.9. அதாவது எடையின் ஆபத்தும் குடியின் ஆபத்தும் கூட்டல் கணக்கில் சேரவில்லை, ஒன்றை ஒன்று பெருக்கிவிட்டன. 15 யூனிட் என்பது ஏதோ பெரிய அளவு என்று நினைக்க வேண்டாம், பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம் ஆல்கஹால், அப்படியானால் வாரம் 120 கிராம், ஒரு நாளைக்குப் பார்த்தால் ஒரு 60 மில்லி பெக்கை விடக் கொஞ்சம் குறைவு. சரி, 15-க்கு மேல் என்கிற கூட்டத்தில் மிக அதிகமாகக் குடித்தவர்களும் இருந்திருப்பார்கள், அதனால் அந்த 18.9 முழுவதையும் அளவாகக் குடிப்பவர் மேல் ஏற்ற முடியாது. ஆனால் அதே ஆய்வில் வாரம் 1 முதல் 14 யூனிட் மட்டுமே குடித்த பருமனான ஆண்களுக்கும் விகிதம் 5.3 என்று வந்தது. ஆட்கள் குறைவு என்பதால் அந்த எண்ணைச் சுற்றி நிச்சயமின்மை நிறைய இருக்கிறது, ஒன்றரை மடங்குக்கும் கீழே இருக்கலாம், இருபது மடங்கைத் தொடலாம். இருந்தாலும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய தரவு இருக்கிறது. பிரிட்டனில் 12 லட்சம் நடுத்தர வயதுப் பெண்களைத் தொடர்ந்த மில்லியன் விமன் ஸ்டடி. ஐந்து வருடத்தில் சிரோசிஸால், அதாவது கல்லீரல் முற்றிலும் தழும்பேறிப் போனதால், மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். வாரம் 70 கிராமுக்குக் குறைவாகக் குடித்த பெண்களில் சராசரி எடைக்காரர்களுக்கு ஆயிரத்துக்கு 0.8, பருமனானவர்களுக்கு 1.0. பெரிய வித்தியாசம் இல்லை. வாரம் 150 கிராமும் மேலும் குடித்தவர்களில் சராசரி எடைக்கு 2.7, பருமனானவர்களுக்கு 5.0. ஆயிரத்தில் ஐந்து பேர் என்பது சின்ன எண் போலத் தெரியும், ஆனால் அது ஐந்தே வருடத்துக்கான கணக்கு, அதுவும் சிரோசிஸ் வரை போனவர்கள் மட்டும். வழியில் நிற்கிறவர்கள் அதில் இல்லை.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் இந்த எண்கள் மனதில் நிற்கும். எடை கூடிய உடம்பில், குறிப்பாக வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்த உடம்பில், இன்சுலின் சொல்வதைக் கொழுப்புத் திசு கேட்பதில்லை, அதனால் கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் ரத்தத்தில் வெளியேறி நேராகக் கல்லீரலுக்கு வருகின்றன. போதாததற்கு ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் இன்சுலின் கல்லீரலையே புதிதாகக் கொழுப்பு தயாரிக்கச் சொல்கிறது. இந்த நிலையில் ஆல்கஹால் உள்ளே வந்தால், கல்லீரல் மற்ற வேலையை ஓரம் கட்டிவிட்டு அதை முதலில் உடைக்கப் பார்க்கும், ஏனென்றால் ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அப்படி உடைக்கும்போது செல்லுக்குள் ஏற்படும் வேதியியல் மாற்றத்தால் கொழுப்பை எரிக்கும் வேலை தடைபடுகிறது, கொழுப்பு தயாரிக்கும் வேலை இன்னும் கூடுகிறது. ஒரே தொட்டிக்கு இரண்டு குழாயையும் திறந்துவிட்டு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையையும் அடைத்தது போல.

கொழுப்பு சேர்வதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஆல்கஹால் முதலில் அசிடால்டிஹைடு என்கிற நச்சுப் பொருளாக மாறி, அப்புறம்தான் அசிடேட்டாக மாறுகிறது. இந்த வேலையில் ஒரு பங்கை சி.ஒய்.பி.2இ1 என்கிற நொதி செய்கிறது. தொடர்ந்து குடித்தால் இந்த நொதி அதிகமாகும், பருமனாலும் இதே நொதி அதிகமாகும். இது வேலை செய்யும்போதெல்லாம் செல்லைச் சிதைக்கிற ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன, அவை தாக்குவதற்கு அங்கே கொழுப்பு தயாராக இருக்கிறது. அதோடு குடலின் சுவரை ஆல்கஹாலும் பலவீனமாக்குகிறது, பருமனும் பலவீனமாக்குகிறது. பாக்டீரியாவின் நச்சு கசிந்து கல்லீரலுக்கு வர, அங்கே இருக்கிற காவல் செல்கள் வீக்கத்தை (அழற்சியை) கிளப்புகின்றன, அந்த வீக்கம் வருடக்கணக்கில் நீடித்தால் வேறு வகைச் செல்கள் விழித்துக்கொண்டு தழும்பு நாரை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கின்றன. அந்தத் தழும்பைத்தான் ஃபைப்ரோசிஸ் என்கிறோம், அது முற்றினால் சிரோசிஸ். எடையும் மதுவும் தனித்தனியாக வந்தாலும் கல்லீரலுக்குள் நுழைந்தபின் ஒரே பாதையில் போகின்றன, இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

"நமக்கு உடம்பு பெருசு, தாங்கும்" என்று சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குக் கவலை தருகிற நம்பிக்கை இதுதான். ஆல்கஹால் தண்ணீரில் கரைந்து பரவுகிற பொருள், கொழுப்புத் திசுவில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் 100 கிலோ உடம்பில் கொழுப்பு அதிகம் என்றால் அந்தக் கூடுதல் எடை நினைக்கிற அளவுக்கு மதுவை நீர்க்கச் செய்யாது. பெண்களுக்கு உடலில் நீர் விகிதம் இயல்பிலேயே குறைவு, ஒரே அளவு குடித்தாலும் அவர்களுக்குப் பாதிப்பு அதிகமாக இருக்க இதுவும் ஒரு காரணம். அப்புறம், போதை ஏறவில்லை என்பது மூளை பழகிவிட்டது என்பதைக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே போன ஒவ்வொரு கிராமையும் கல்லீரல் உடைத்தே ஆக வேண்டும், அதுவும் பொதுவாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வேகத்தில். நிதானமாக நடந்து வீட்டுக்கு வந்தவரின் கல்லீரலும் நள்ளிரவு தாண்டி வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி கிராம் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் "கொஞ்சம்", "ரெண்டு", "எப்பவாவது" எல்லாம் அளவே இல்லை. பாட்டிலில் உள்ள சதவீதத்தை மில்லியோடு பெருக்கி, 100-ஆல் வகுத்து, அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13. ஆனால் 8 சதவீத பீர் 500 மில்லி கேன் ஒன்று 31 கிராமைத் தாண்டும், "பீர்தானே" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை பெரிய பெக் உள்ளே போயிருக்கும். வைன் 12 சதவீதம், 150 மில்லி என்றால் 14 கிராம். ஒவ்வொரு கிராமுக்கும் 7 கலோரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எடை குறைக்கிறேன் என்று இருப்பவர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் சித்தப்பாவோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டோம். நல்ல உடல்வாகு, நாற்பதிலிருந்தே தொப்பை, யாரும் அவரைத் தள்ளாடிப் பார்த்தது கிடையாது. எஸ்.ஜி.பி.டி. (ரத்தத்தில் பார்க்கிற ஒரு கல்லீரல் நொதி) கொஞ்சம் கூடுதல் என்று ரிப்போர்ட்டில் வந்துகொண்டே இருந்தது. "சித்தப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு சரியா சொல்லுங்க" என்றேன். "என்னப்பா, நான் என்ன பாட்டிலையா காலி பண்றேன், ராத்திரி ரெண்டு, அதுக்கு மேல தொடமாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அவருடைய டம்ளரில் அவர் வழக்கமாக ஊற்றுகிற உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை மருந்து அளக்கிற குவளையில் கவிழ்த்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட 90 மில்லி. அப்படியானால் ஒரு டம்ளர் 28 கிராம், இரவுக்கு 57, வாரம் முழுக்க என்றால் 400-ஐத் தொடுகிறது. அவர் ரொம்ப நேரம் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை ஏன் யாரும் முன்னாடி எனக்குச் சொல்லல" என்றார். கேட்டவர்கள் எல்லாம் எத்தனை என்று கேட்டார்களே தவிர எவ்வளவு என்று கேட்கவில்லை. வீட்டில் ஊற்றுகிற யாருக்கும் இதுதான் நிலைமை என்பேன், அளந்து ஊற்றிப் பார்க்காமல் உங்கள் அளவு உங்களுக்கே தெரியாது.

அந்த 400 எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க 2023-ல் வந்த புதிய வகைப்பாடு உதவும். உலகின் பல கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து கொழுப்புக் கல்லீரல் நோயைப் பிரித்தன. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இருந்து, வாரம் பெண்ணுக்கு 140 கிராம், ஆணுக்கு 210 கிராமுக்குள் குடித்தால் அது எம்.ஏ.எஸ்.எல்.டி., அதாவது எடை, சர்க்கரை மாதிரிக் காரணங்களோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல். அதே ஆள் பெண்ணாக இருந்து 140 முதல் 350, ஆணாக இருந்து 210 முதல் 420 வரை குடித்தால் மெட்-ஏ.எல்.டி. என்கிற தனி வகை, இரண்டு காரணங்களும் சேர்ந்து வேலை செய்கிற கல்லீரல். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் கல்லீரல் நோய். சித்தப்பா இரண்டாவது வகையின் கடைசிப் படியில் இருந்தார், தன்னை முதல் வகை என்றுகூட நினைக்காமல். இந்த நடு வகையைத் தனியாகப் பெயர் சொல்லிப் பிரித்தது நல்ல காரியம், இத்தனை காலம் இவர்கள் எந்தப் பக்கமும் சேராமல், எந்த ஆய்விலும் சரியாக இடம்பெறாமல் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று. 140, 210 என்பவை நோயை வகைப்படுத்தப் போட்ட கோடுகள், அதுவரை குடிக்கலாம் என்கிற அனுமதி இல்லை. ஃபின்லாந்தில் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு நாளைக்கு 10 முதல் 19 கிராம் மட்டுமே குடித்தவர்களுக்கு, வாழ்நாள் முழுக்கக் குடிக்காதவர்களை விட முற்றிய கல்லீரல் நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது. அது ஒரு 60 மில்லி பெக். அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஊசி போட்டுக் கல்லீரல் திசு எடுத்து, சில வருடம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள், குறைவாகக் குடித்தவர்களுக்குக் கூட, குடிக்காதவர்களுக்குக் குறைந்த அளவுக்குக் கொழுப்போ வீக்கமோ குறையவில்லை. ஸ்வீடனில் வாரம் 140 கிராமுக்கும் குறைவாகக் குடிக்கிற நோயாளிகளைப் பார்த்ததில், மாதம் ஒரு தடவையாவது ஒரே மூச்சில் நிறையக் குடித்தவர்களிடம்தான் தழும்பு வேகமாக முன்னேறியது. வாரம் முழுக்கத் தொடாமல் இருந்து சனிக்கிழமை மொத்தமாகத் தீர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், வாரக் கணக்கில் சராசரி நன்றாகத்தான் தெரியும், கல்லீரலுக்கு அந்த ஒரு இரவுதான் உண்மை.

அளவான குடி நல்லது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, நான் மறைக்கவில்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு வீக்கம் குறைவு என்று கூட வந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் ஒரே சமயத்தில் ஆளைப் பார்த்து எடுத்த கணக்கு. குடிக்காதவர்கள் என்கிற கூட்டத்தில் உடம்பு கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள், அளவாகக் குடிப்பவர்களோ பொதுவாக வசதியும் கல்வியும் நல்ல மருத்துவமும் உள்ளவர்கள், ஒப்பீடே சமமில்லை. இதயத்துக்கு நல்லது என்கிற வாதமும் இங்கே முக்கியம், ஏனென்றால் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் இறப்பதற்கு முதல் காரணம் இதய நோய்தான். அமெரிக்காவில் இளம் வயதிலிருந்து நடுத்தர வயது வரை ஆட்களைத் தொடர்ந்த கார்டியா ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அளவான குடியால் இதயத்துக்கு எந்த லாபமும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்றே அறிவித்தது, ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே வகைப்படுத்தியாகிவிட்டது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு விஷயம். 'கிரேடு 1', 'கிரேடு 2' என்று எழுதியிருப்பது கொழுப்பின் அளவு, தழும்பின் அளவு அல்ல. கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 என்று பயந்தவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். கல்லீரலின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது தழும்புதான். எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பதாலும் எதுவும் உறுதியாகாது. இதற்கு வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது, ஃபிப்-4. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்கிற இன்னொரு நொதியின் அளவோடு பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தோடு பெருக்கி, முன்னதை இதனால் வகுக்க வேண்டும். வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 45, எஸ்.ஜி.பி.டி. 50, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் 1.59 வரும். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் உடனே கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், நடுவில் என்றால் கல்லீரலின் விறைப்பை அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் மாதிரி அடுத்த சோதனை தேவை. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது, 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த எண்கள் எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கின்றன, பலர் வருடா வருடம் எடுத்துவிட்டு ஃபைலில் வைத்திருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கிறது என்று தெரிந்தால் மது பூஜ்யம், அதில் பேரம் இல்லை. தழும்பு இல்லை, ஆனால் எடை கூடுதல், சர்க்கரையும் இருக்கிறது என்றால் நான் பூஜ்யம் என்றுதான் சொல்வேன், அது முடியாது என்கிறவர் வாரத்தில் எப்போதாவது ஒரு சின்ன பெக் என்று நிறுத்திக்கொண்டு, ஒரே இரவில் நிறையக் குடிப்பதை அடியோடு விட வேண்டும். எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், மது அவர்களுக்கு மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, முன்பு பழக்கம் இல்லாதவர்கள் கூட அடிமையாகும் ஆபத்து கூடுகிறது. பி.என்.பி.எல்.ஏ.3 என்கிற மரபணுவின் ஒரு வடிவம் சிலருக்கு இருக்கும், அது எடையின் பாதிப்பையும் மதுவின் பாதிப்பையும் சேர்த்தே கூட்டும், கல்லீரல் கொழுப்போடு இதற்குள்ள தொடர்பு 2008-ல் தெரியவந்தது. வீட்டில் யாருக்காவது கல்லீரல் கெட்டிருந்தால் உங்களுக்கு விளிம்பு இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறது, அதனால் "நான் அவ்வளவு குண்டு இல்லை" என்பது ஒரு பதிலே அல்ல, இடுப்பை அளந்து பாருங்கள்.

நல்ல செய்தியும் நிறைய இருக்கிறது, கல்லீரல் திரும்பி வருகிற உறுப்பு. மதுவால் சேர்ந்த கொழுப்பு, நிறுத்திய சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறைகிறது. கியூபாவில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 293 பேரை ஒரு வருடம் உணவு, உடற்பயிற்சி என்று வைத்துத் திசு எடுத்துப் பார்த்தார்கள், 10 சதவீதமும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வீக்கம் சரியானது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. தழும்பு மாறாது என்று சொல்லி வந்த காலம் போய்விட்டது. 2024-ல் ரெஸ்மெடிரோம் மாத்திரை, 2025-ல் செமாக்ளூடைடு ஊசி என்று இதற்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது, ஆனால் மாத்திரையும் ஊசியும் இருக்கிறதே என்று குடியைத் தொடர்ந்தால், மருந்து ஒரு பக்கம் இழுக்க மது மறுபக்கம் இழுக்கும்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர், காலையில் கை நடுங்குகிறவர், குடிக்காவிட்டால் வியர்த்துத் தூக்கம் போகிறவர், திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும். அங்கே போகும்போது எத்தனை பெக் என்று சொல்லாமல், அளந்து பார்த்து வாரத்துக்கு எத்தனை கிராம் என்று எழுதிக்கொண்டு போங்கள், கூடவே இடுப்புச் சுற்றளவு, மூன்று மாத சர்க்கரை, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளும், பாராசிட்டமால் உட்பட. ஃபிப்-4 குறைவாக வந்தாலும் அதோடு ஃபைலை மூடிவிடாமல், இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தடவையும், சர்க்கரை இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.